ஆழ்வார் மோட்சம்: ஓர் ஆண்டு தவறவிட்டு, மறு ஆண்டு சேவித்தேன்

ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் சேவித்ததும் மூட்டை கட்டிவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாசல் திறப்பது தொடக்கம்தான். அன்று தொடங்கும் பத்து நாள் உற்சவமான இராப்பத்து முழுவதும் கழிந்து, ஆயிரங்கால் மண்டபத்தில் விடிகாலையில் நடக்கும் நம்மாழ்வார் மோட்சத்தையும், அதாவது ஆழ்வார் பெருமாள் திருவடி சேரும் வைபவத்தையும் சேவித்தால்தான் பயணம் நிறைவு.

2024 ஜனவரி 2 அன்று அதைக் கோட்டைவிட்டேன். "ஒன்பது மணிக்கு மேல் போனால் போதும், நிதானமாகச் சேவிக்கலாம்" என்று தங்கியிருந்த விடுதியில் அடித்துச் சொன்னார்கள். திருமண் இட்டுக்கொண்டு ஓடினேன். மிதிபட்ட திருத்துழாய் (துளசி) இலைகள்தான் தரையில் கிடந்தன. தெரியாது என்று சொல்லியிருந்தால் வேறு யாரிடமாவது கேட்டிருப்பேனே! ஓராண்டு அந்த ஆத்திரம் ஆறவில்லை.

அடுத்த முறை நானே கணக்குப் போட்டேன். சொர்க்கவாசல் திறக்கும் வைகுண்ட ஏகாதசியை முதல் நாளாக எண்ணினால் மோட்சம் 11ஆம் நாள். 2025இல் ஏகாதசி ஜனவரி 10, மோட்சம் 20. 19ஆம் தேதி இரவே போய் உட்கார்ந்துவிட்டேன். மார்கழி போய்த் தை பிறந்தும் கருங்கல் தரை சில்லிட்டது. கம்பளி இல்லாமல் போகாதீர்கள். காலை நீட்டிவிட்டு வரலாம் என்று எழுந்தவர்களுக்குத் திரும்ப இடம் கிடைக்கவில்லை.

பிறவியிலிருந்து விடுபட்ட உயிரான முக்தனை ஒளி, பகல், வளர்பிறை, உத்தராயணம் என ஒவ்வொரு தேவதையாக வழிநடத்தி, வைகுண்டத்தின் எல்லையான விரஜை நதி வரை கொண்டுசேர்ப்பதுதான் அர்ச்சிராதி மார்க்கம். இந்தக் கோயிலிலும் விரஜா மண்டபத்தைக் கடந்துதான் பரமபத வாசல் என்னும் சொர்க்கவாசல். படித்தபோது அது எனக்கு வெறும் பட்டியல். அன்று விடிகாலையில், மேகங்கள் முழங்க, கடல் அலைகள் கையெடுத்து ஆட ஆழ்வார் கண்ட அந்த வழியைச் சொல்லும் 'சூழ்விசும்பு' பதிகம் ஒலித்தது. அர்ச்சகர்கள் ஆழ்வாரைக் கைத்தலத்தில் ஏந்தி, அடிமேல் அடி வைத்து, உற்சவரான நம்பெருமாளிடம் நகர்ந்தார்கள். திருவடியில் ஆழ்வாரின் திருமுடி பட்டது. மேலே திருத்துழாய் குவியக் குவிய ஆழ்வார் மறைந்தே போனார். எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு, உலகம் உய்ய ஆழ்வாரைத் திருப்பித் தந்தருளும்படி பெருமாளிடம் விண்ணப்பம். திருத்துழாயை விலக்க விலக்க, ஆழ்வாரின் திருமுகம் மீண்டும் தெரிந்தது.

எனக்கும் ஒரு கொத்துத் திருத்துழாய் கிடைத்தது. அதைக் கையில் பொத்திக்கொண்டு அந்த விடுதியைக் கடந்தபோது மணி இன்னும் ஒன்பதாகவில்லை.