ஸ்காபரோவில் ஒரு ஐ.பி.ஆர்.சி. கடிதம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கும் தமிழ் வீடுகளில் 'கிஃப்டட்' (விசேட அறிவுத்திறன் உள்ள பிள்ளை) என்றால் என்னவென்று தெரியாத அம்மா இல்லை. 'ஐ.பி.ஆர்.சி.' என்று கேட்டுப் பாருங்கள், பலர் முழிப்பார்கள். தெரிந்தவர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கதைப்பார்கள். இத்தனைக்கும் ஒன்ராறியோவின் அரசுப் பாடசாலைகளில் ஒரு பிள்ளையைக் கிஃப்டட் என்று முறைப்படி அடையாளம் காண்பதே அந்த ஐ.பி.ஆர்.சி. குழுதான்: விசேட கல்வி தேவைப்படும் பிள்ளையை அடையாளம் கண்டு, எந்த வகுப்பு என்று தீர்மானித்து, பிறகு மீளாய்வும் செய்யும் குழு அது. வாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கும் அதே குழு, அதே சட்டம்.

இது எனக்குத் தெரியவந்தது மச்சாள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து வந்தபோது மகனுக்கு ஒன்பதாம் வகுப்புத் தொடங்கும் வயது. மச்சாளின் மகள் இங்கேயே பிறந்தவள், அவளுக்கும் அதே வயது. அவள் சின்ன வகுப்பிலேயே கிஃப்டட் என்று தெரிவானவள். அந்தக் கடிதத்தை மச்சாள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறா. எங்கள் மகனுக்குக் கடிதம் வந்தபோது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அச்சடித்த வரிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான், நிரப்பிய பெட்டிகள்தான் வேறு. அவளுடையதைக் கோயிலில் பாதிப் பேருக்குத் தெரியும். இவனுடையதை "ஆருக்கும் சொல்லிப் போடாதை" என்று மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னா.

பின்னணி இதுதான். 1980-இல் ஒன்ராறியோ தன் கல்விச் சட்டத்தைத் திருத்தி, அரசுப் பாடசாலைகளை நடத்தும் எல்லாப் பாடசாலைச் சபைகளும் விசேட கல்வி வழங்கியே ஆகவேண்டும் என்று விதித்தது. அந்த ஏற்பாட்டில் ஐந்து பெரிய பிரிவுகள்: நடத்தை, தொடர்பாடல், அறிவாற்றல், உடல், இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தது. அறிவாற்றல் பிரிவில் கிஃப்டட் பிள்ளையும் இருக்கிறது, மெதுவாகக் கற்கும் பிள்ளையும் இருக்கிறது. வாசிப்பு, எழுத்து போன்றவற்றில் வரும் கற்றல் குறைபாடு தொடர்பாடல் பிரிவில் வருகிறது. சாதாரண வகுப்பின் வேகமும் முறையும் பொருந்தாத பிள்ளைக்கு அதற்கேற்ற ஏற்பாடு வேண்டும் என்பதே கணக்கு. பிள்ளை முன்னுக்கு நிற்கிறதா பின்னுக்கு நிற்கிறதா என்பது அதற்குப் பிறகுதான். இலங்கையின் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை வைத்துப் பிள்ளைகளைக் கெட்டிக்காரர், மொக்கர் என்று பிரித்துப் பழகிய எங்களுக்கு இது லேசில் மண்டைக்குள் ஏறாது.

சரி, மகனுடைய கதைக்கு வருகிறேன். வந்தவுடன் பாடசாலைச் சபையின் மதிப்பீட்டு நிலையத்தில் ஆங்கிலமும் கணிதமும் பார்த்தார்கள். ஈ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலம் தாய்மொழி இல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பில் போட்டார்கள். உயர்நிலைப் பாடசாலையில் அது ஐந்து படிகள் கொண்டது. சித்தியான பாடத்துக்குக் கிடைப்பது கிரெடிட். உயர்நிலைப் பாடசாலை முடிக்கும் டிப்ளோமாவுக்கு வேண்டிய நான்கு ஆங்கிலக் கிரெடிட்டில் மூன்று வரை ஈ.எஸ்.எல். கிரெடிட்டாக இருக்கலாம், ஆகவே காலம் வீணாகிறது என்று பயப்படத் தேவையில்லை. சிக்கல் வேறு. அவன் வாசிப்பு முன்னேறவில்லை. ஆசிரியர்கள் நல்லவர்கள், "புது மொழிதானே, பொறுங்கள்" என்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். வந்து கொஞ்ச நாளிலேயே ஒரு பிள்ளைக்குக் குறைபாடு என்று முத்திரை குத்துவது பெரிய அநியாயம்.

ஆனால் இவன் தமிழிலும் அப்படித்தான். ஏழாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான், வரி தாண்டிப் போவான், கொம்பையும் காலையும் மாற்றிப் போடுவான். கணக்கை நாங்கள் வாசித்துச் சொன்னால் பேப்பரே இல்லாமல் விடை வரும். ஊரில் இதற்குச் சொன்ன பெயர் 'கவனமில்லை', 'விளையாட்டுப் புத்தி'.

இங்கேதான் சட்டத்தின் ஒரு நுணுக்கம் எங்களுக்குக் கைகொடுத்தது. கற்றல் குறைபாடு என்பதற்கு ஒன்ராறியோ கல்வி அமைச்சு தரும் வரைவிலக்கணத்தில், சிந்திக்கும் திறன் குறைந்தபட்சம் சராசரியாக இருக்கவேண்டும், சிரமம் கற்பிக்கும் மொழி தெரியாததால் வந்ததாக இருக்கக்கூடாது என்று இருக்கிறது. அப்படியென்றால் புதிதாக வந்த பிள்ளைக்குத் தாய்மொழியிலும் அதே சிரமம் இருந்ததா என்பதுதான் பெரிய சான்று. அதை அறிந்தவர்கள் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். பாடசாலையில் புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவுகிற தமிழ் அக்கா ஒருவர் இருந்தார். அவர்தான் சொன்னார், தமிழ்க் கொப்பிகளையும் யாழ்ப்பாணத்து றிப்போட்டுகளையும் கொண்டு வரச் சொல்லி. றிப்போட்டில் ஆண்டு ஆண்டாக ஒரே குறிப்பு: வாய்மொழியில் நன்று, எழுத்தில் கவனம் தேவை. அந்த ரீச்சர்மார் நோயைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள், மருந்துதான் அவர்கள் கையில் இருக்கவில்லை.

அக்கா சொன்ன இன்னொன்று, வாயால் கேட்காதே, எழுதிக் கொடு என்பது. பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் பிள்ளையின் விடயத்தை ஐ.பி.ஆர்.சி.க்கு அனுப்பியே ஆகவேண்டும். 15 நாட்களுக்குள் பெற்றோர் கையேட்டையும், கூட்டம் ஏறக்குறைய எப்போது என்ற தகவலையும் தரவேண்டும். இரண்டு வரி போதும், திறமான ஆங்கிலம் தேவையில்லை. பாடசாலைக்குக் கடிதம் எழுதுவது எங்களுக்குச் சண்டைக்குப் போவது போல இருக்கும். இங்கே அதிபர் அதைச் சாதாரணமாக வாங்கித் திகதி போட்டார்.

உளவியலாளரின் மதிப்பீடுதான் இழுபட்டது. சபையின் வரிசை நீளம். வெளியில் செய்வதென்றால் சில ஆயிரம் டொலர். என் கணவருடைய வேலைக் காப்புறுதி ஒரு பகுதியைத் தந்தது, மீதியைப் பிடுங்கிக் கட்டினோம். வசதி உள்ளவன் முந்துகிற இந்த இடத்தில் கனடா ஒன்றும் சொர்க்கமில்லை. எல்லோரும் காசு கட்ட முடியாது. ஆனால் ஐ.பி.ஆர்.சி. நடக்காமலே பாடசாலை ஒரு ஐ.ஈ.பி., அதாவது அந்தப் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம், எழுதித் தரலாம். காத்திருக்கும் காலத்தில் அதைக் கேளுங்கள்.

ஐ.ஈ.பி. கையில் வந்ததும் ஒரு சொல்லைத் தேடிப் பார்க்கவேண்டும். 'அக்கொமடேஷன்' என்றால் பாடம் அதேதான், வழிதான் வேறு: மேலதிக நேரம், அமைதியான அறை, எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள். 'மொடிஃபைட்' என்றால் பாடத்தின் எதிர்பார்ப்பே மாறுகிறது. உயர்நிலைப் பாடசாலையில் அது பெரிய விடயம். எதிர்பார்ப்பு மிகவும் மாறினால் கிரெடிட் கொடுப்பதா இல்லையா என்று அதிபர் தீர்மானிப்பார். டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். மகனுக்கு எல்லாமே அக்கொமடேஷன்தான். பத்தாம் வகுப்பு எழுத்தறிவுச் சோதனையையும் மேலதிக நேரத்தோடுதான் எழுதினான்.

மாமியின் பயம் பல்கலைக்கழகம். சொந்தக்காரர் எல்லோருக்கும் அதே பயம். பல்கலைக்கழகத்துக்குப் போகும் ட்ரான்ஸ்கிரிப்டில் பாடமும் புள்ளியும் கிரெடிட்டும் வரும். மேலதிக நேரம் எடுத்தான், மென்பொருள் பாவித்தான் என்று எங்கும் எழுதமாட்டார்கள். இதைக் கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கி போட்டுச் சொல்லலாம் என்று எனக்கு ஆசை.

மச்சாளின் மகளுடைய பக்கத்தையும் சொல்லவேண்டும். கிஃப்டட்டை எங்கள் ஆட்கள் ஒரு பரிசு மாதிரிப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனைக்கே ரியூசன் இருக்கிறது. ஐ.பி.யோடும் ஏ.பி.யோடும் போட்டுக் குழப்புகிறார்கள். அவை விரும்பி எடுக்கும் பாடத்திட்டங்கள், விசேட கல்வி இல்லை. ஸ்காபரோவில் வோபர்ன் போன்ற உயர்நிலைப் பாடசாலையில் கிஃப்டட் பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் உண்டு, ஆனால் கிடைப்பது அதே ஒன்ராறியோ கிரெடிட்தான். அவளுக்கும் ஒரு ஐ.ஈ.பி. இருக்கிறது. அதில் இருப்பது கடினமான கணக்கு மட்டுமில்லை. ஒரு கட்டுரையைச் சரியாக வரவில்லை என்று கிழித்துக் கிழித்து எழுதுகிற பிள்ளைக்கு, அதை எப்படி முடித்துக் கொடுப்பது என்பதற்கும் ஒரு வரி இருக்கிறது. மச்சாள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததே இல்லையாம். ஒரே பிள்ளை கிஃப்டட் ஆகவும் கற்றல் குறைபாட்டோடும் இருக்கலாம் என்று நான் சொன்னபோது அவ நம்பவேயில்லை.

பாடசாலையிடம் இப்படி உதவி கேட்பது பிச்சை கேட்பதில்லையா என்று இவர் ஒருமுறை கேட்டார். அதற்கு நான் ஒரு வழக்கைச் சொன்னேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜெஃப்ரி மூர் என்ற பெடியனுக்கு வாசிப்புக் குறைபாடு. அவன் உதவிக்குப் போகவேண்டியிருந்த நிலையத்தைச் சபை காசு இல்லை என்று மூடியது. தகப்பன் மனித உரிமை முறைப்பாடு செய்தார். 2012-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், விசேட கல்வி ஆடம்பரம் இல்லை, கல்விக்குள் நுழைய அந்தப் பிள்ளைகளுக்குத் தேவையான சாய்தளம் அது என்று தீர்த்தது. அதைச் சொன்னபிறகு இவர் கூட்டங்களுக்கு லீவு போட்டு வருகிறார்.

ஐ.பி.ஆர்.சி. கூட்டத்தில் குழுவினர் குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள். கேட்டால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வார்கள், உங்களுக்காகக் கதைக்க ஒருவரைக் கூட்டிக்கொண்டும் போகலாம். அங்கேயே கையெழுத்துப் போடவேண்டும் என்றில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். முடிவு பிடிக்காவிட்டால் 15 நாட்களுக்குள் இன்னொரு கூட்டம் கேட்கலாம், 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். ஆண்டுக்கொருமுறை மீளாய்வு உண்டு.

பிள்ளைக்கு 16 வயதானால் கூட்டத்துக்கு வர அவனுக்கும் உரிமை உண்டு. இந்த முறை அழைப்பு மகன் பெயருக்கும் வந்திருக்கிறது. கணக்குச் சோதனைக்கு மென்பொருள் வேண்டாம், நேரம் மட்டும் போதும் என்று கேட்கப் போகிறானாம். என்னை வந்து சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறான். பார்ப்போம்.