டெண்டர் திறக்கும் நாளுக்கு முன்பே முடிந்துவிடும் போட்டி

நகராட்சி, பேரூராட்சிச் சாலை வேலைகளில் எல்லாரும் காத்திருப்பது டெண்டர் திறக்கும் நாளுக்குத்தான். யார் எல்1 (மிகக் குறைந்த விலை போட்டவர்), மதிப்பீட்டைவிட எத்தனை சதவீதம் குறைவு என்பதே அன்றைய பேச்சு. ஆனால் போட்டி இருந்ததா இல்லையா என்பது அதற்குப் பல வாரம் முன்பே, மதிப்பீடு போடும் மேசையில் தீர்ந்துவிடுகிறது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-இல் வந்த அதன் விதிகளும் நல்ல விதிகள்தான். அவற்றில் ஒரு வரியைக்கூட மீறாமல், போட்டியே இல்லாத டெண்டர் ஒன்றை நடத்திவிட முடியும் என்பதுதான் சிக்கல்.

முதலில் மதிப்பீடு. 1 கி.மீ. நீளம், 3.75 மீட்டர் அகலம், 30 மி.மீ. கனத்தில் தார்க் கான்கிரீட் என்று ஒரு தெரு வேலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 3,750 சதுர மீட்டர், கலவை 112.5 கன மீட்டர், எடையில் சுமார் 264 டன். தார் 5.4 சதவீதம் என்றால் 14 டன்னுக்குச் சற்று மேல். கலவைக்குக் கீழே அடிக்கும் டேக் கோட் எமல்ஷன் (ஒட்டுவதற்கான தார்க் கரைசல்) சதுர மீட்டருக்குக் கால் கிலோ வீதம் 940 கிலோ. இந்தக் கணக்கை யார் போட்டாலும் ஒரே விடைதான். விடை மாறுவது லீடு, அதாவது சரக்கைக் கொண்டுவரும் தூரத்தின் கணக்கில். ஜல்லி எந்தக் குவாரியிலிருந்து, கலவை எந்த பிளான்ட்டிலிருந்து, எத்தனை கிலோமீட்டர்? மதிப்பீட்டில் பக்கத்துக் குவாரியைக் காட்டிவிட்டு அங்கே சரக்கே கிடைக்காவிட்டால், வெளியூர் ஒப்பந்ததாரர் கணக்குப் பார்த்து ஒதுங்கிவிடுவார். தூரத்துக் குவாரியைக் காட்டினால், பக்கத்தில் சரக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் அந்த வித்தியாசம் லாபம். லீடு தாளை டெண்டர் ஆவணத்தோடு சேர்த்து வெளியிடும் அலுவலகங்கள் குறைவு. வெளியிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுக்கும் மில்லிங் இன்னொரு குழி. தெரு மட்டம் ஏறிக்கொண்டே போய் வீட்டு வாசல் பள்ளமாகிவிடுகிறது என்பதால், சுரண்டி எடுத்த பிறகே மறுபடி தார் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். சரியான முடிவு. ஆனால் பல மதிப்பீடுகளில் ‘சுரண்டி அப்புறப்படுத்துதல்’ என்று ஒரே வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, சுரண்டிய சரக்கு யாருக்குச் சொந்தம், மில்லிங் இயந்திரம் நுழையாத மூன்று மீட்டர் சந்தில் எப்படி உடைப்பது என்பதெல்லாம் இல்லை. ஒருவர் 2 கி.மீ. தூரத்துக்கு விலை போடுவார், இன்னொருவர் 12 கி.மீ. தூரத்துக்கு. இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வெறும் சடங்கு.

வேலையைக் கட்டுக் கட்டாகப் பிரிப்பதில்தான் அதிகச் சாமர்த்தியம் காட்டப்படுகிறது. விதிப்படி ரூ.2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேலே உள்ளவர் காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். ஆகவே 2.3 கோடி வேலை 1.2, 1.1 என்று இரண்டாகிவிடும். எதிர்த் திசையிலும் நடக்கும்: முப்பது சின்னத் தெருக்களை ஒரே கட்டாகச் சேர்த்தால், அந்த ஊரிலேயே வேலை செய்யும் சிறிய ஒப்பந்ததாரர்கள் தாங்கள் பதிவு செய்துள்ள ஒப்பந்ததாரர் வகுப்பின் தொகை வரம்பைத் தாண்ட முடியாமல் வெளியே நிற்பார்கள். இரண்டுக்கும் நிர்வாகக் காரணம் கோப்பில் அழகாக எழுதப்பட்டிருக்கும்.

தகுதி நிபந்தனைகளில் கவனிக்க வேண்டியது ஹாட் மிக்ஸ் பிளான்ட், அதாவது ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கும் ஆலை. சொந்த பிளான்ட் அல்லது பிளான்ட் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம், அதுவும் இத்தனை கிலோமீட்டருக்குள் என்று கேட்பதில் தொழில்நுட்ப நியாயம் இருக்கிறது. விஜி-30 என்ற வகைத் தாரில் கலந்த சரக்கு தூரம் போகப் போக ஆறும். 90 டிகிரிக்குக் கீழே இறங்கிய கலவையை எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. ஆனால் அந்த வட்டத்துக்குள் இருப்பது ஒரே ஒரு பிளான்ட் என்றால், கடிதம் தருகிறவரே ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கிறார். டெண்டர் குழு வெறும் கையெழுத்துப் போடுகிறது.

இதைவிடக் கெட்டது, வேலையிடத்தை நேரில் பார்த்ததற்குப் பொறியாளரிடம் சான்று வாங்கி இணைக்கச் சொல்வது. பார்க்காமல் விலை போட்டவர் நஷ்டப்படட்டும், அது அவர் பாடு. சான்று கேட்டால், யார் யார் டெண்டர் போடப் போகிறார்கள் என்ற பட்டியல் கடைசித் தேதிக்கு முன்பே அலுவலகத்தில் தயாராகிவிடும். மின் கொள்முதல் தளம் வந்ததற்கு ஒரு காரணமே பெயர்கள் வெளியே தெரியக் கூடாது என்பதுதான். அசல் ஆவணங்களை முன்கூட்டியே நேரில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்வதும் இதே வகை.

டெண்டர் போடுகிறவர்கள் பக்கத்தில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் அற்பமானவை, ஆனால் உயிரை வாங்குபவை. விலைப் பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை மாற்றிவிடுவார்கள்; தளம் ஏற்காது. டிஜிட்டல் கையொப்பம் காலாவதியானது கடைசி நாள் மாலைதான் தெரியும். டெண்டரோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகை வேலை மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் வேறு டெண்டர்களில் பணம் முடங்கிக் கிடப்பதால் அந்த 1 சதவீதமே கையில் இருக்காது. ஜி.எஸ்.டி. விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். உள்ளாட்சிகளுக்கான சாலை ஒப்பந்தங்களில் 12 சதவீதமாக இருந்தது 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதமானது. விலைப் பட்டியல் வரி உள்பட கேட்கிறதா, நீங்கலாகக் கேட்கிறதா என்று பார்க்காமல் ரூ.75 லட்சம் எழுதியவருக்கு வரி மட்டும் 13.5 லட்சம்.

அடிமட்ட விலைக்கு வருவோம். எல்1-ஐத் தவிர வேறு யாரிடமும் பேரம் பேசக் கூடாது என்று சட்டத்தின் 10-ஆவது பிரிவு சொல்கிறது. அவரிடமும் குறைக்கச் சொல்லித்தான் பேசலாம். மிகக் குறைவாகப் போட்டவரிடம் கூடுதல் பிணை வாங்கும் நிபந்தனை பல ஒப்பந்த ஆவணங்களில் உண்டு: மதிப்பீட்டைவிட 5 முதல் 15 சதவீதம் வரை குறைவு என்றால் 2 சதவீதம், 15-ஐத் தாண்டினால் வித்தியாசத் தொகையில் பாதி. ஒரு கோடி மதிப்பீட்டுக்கு 85 லட்சம் போட்டவர் கட்டுவது 2 லட்சத்தைத் தாண்டாது. 84 லட்சம் போட்டவர் கட்ட வேண்டியது 8 லட்சம். பட்டியலில் 14.9 சதவீதக் குறைவு அடிக்கடி தென்படுவதற்கு இதுவே காரணம். அதில் சதி எதுவும் தேட வேண்டியதில்லை.

மதிப்பீட்டில் ஒப்பந்ததாரரின் லாபத்துக்கும் மேல்செலவுக்கும் சேர்த்திருப்பதைவிட அதிகமாகக் குறைத்தவர் மிச்சத்தை எங்கே பிடிப்பார்? மேலே சொன்ன தெருவில் 30 மி.மீ.க்குப் பதில் 25 மி.மீ. போட்டால் 44 டன் கலவை மிச்சம். அதில் தார் மட்டும் 2.4 டன். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாலையைத் துளைத்து கோர் (உருளைத் துண்டு) எடுத்தால்தான் தெரியும். எனவே எத்தனை மீட்டருக்கு ஒரு கோர், யார் முன்னிலையில், கனம் குறைந்தால் பணம் எந்த விகிதத்தில் பிடித்தம் என்பதை டெண்டர் ஆவணத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்த வரி இருந்தால் 25 சதவீதம் குறைத்து வரும் விலைகளில் சில வராமலே போகும். எம்.புக்கில் (முடித்த வேலையின் அளவைப் பதியும் புத்தகத்தில்) பின்னால் வரப்போகும் அளவும் டெண்டர் விலையின் ஒரு பகுதிதான்.

பொருள்வாரியாக விலை கேட்கும் டெண்டரில் இன்னொரு வித்தை. முதல் பில்லிலேயே வரும் மண் வேலைக்கும் மில்லிங்குக்கும் கூடுதல் விலை, கடைசியில் வரும் மேல் அடுக்குக்கு அடிமாட்டு விலை. மொத்தத்தில் அவரே எல்1. முதல் இரண்டு பில்லை வாங்கிக்கொண்டு மேல் அடுக்குக்கு ஆள் வரவே மாட்டார். ஒவ்வொரு பொருளின் விலையையும் மதிப்பீட்டு விலையோடு ஒப்பிட்டு, ஏன் இப்படி என்று ஏற்கும் முன்பே விளக்கம் கேட்டால் போதும். மதிப்பீட்டின் மீது ஒரே சதவீதம் கேட்கும் டெண்டரில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மதிப்பீட்டில் உள்ள பிழை அப்படியே ஒப்பந்தமாகிவிடும்.

டெண்டர் முடிவில் குறை இருப்பவர் ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அப்போது கையில் இருக்க வேண்டியவை மூன்று: திறப்பு நாள் நடவடிக்கைக் குறிப்பு, டெண்டர்களைப் பரிசீலித்த குழுவின் ஒப்பீட்டுத் தாள், நிராகரித்த காரணம் எழுத்தில். கடைசியில் உள்ளதைக் கேட்டு வாங்குவதிலேயே அந்தப் பத்து நாளில் பாதி போய்விடும். ஆகவே காரணம் கேட்கும் கடிதத்தை முதல் நாளே கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.