மூன்று பென்ஸ்

ஜூன் 4
அமெரிக்கக் காலனிகள் மேல் பிரிட்டன் போட்ட வரிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். தொடக்கத்திலேயே இடறுகிறது. 1764-இன் சர்க்கரைச் சட்டம் மொலாசஸ் (சர்க்கரை காய்ச்சியபின் மிஞ்சும் பாகு) மீதான தீர்வையைக் கூட்டவில்லை. கேலனுக்கு 6 பென்ஸ் என்றிருந்ததை 3 ஆக்கியது. பிறகு ஏன் கூச்சல்? அந்த 6 பென்ஸை 1733 முதல் யாரும் ஒழுங்காகக் கட்டியதே இல்லை. சுங்க அதிகாரி கையில் எதையாவது திணித்துவிட்டு, பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து இறக்கி ரம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இந்த 3 பென்ஸை நிஜமாகவே வசூலிக்க வந்துவிட்டார்கள்!

ஜூன் 7
1765, முத்திரைச் சட்டம். பத்திரம், செய்தித்தாள், பஞ்சாங்கம் எல்லாவற்றுக்கும் முத்திரை. சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், ஒரு ஜோடி பகடைக்கு 10. பகடை ஆடுகிறவர்கள் மேல் அப்படி என்ன கோபமோ.

இங்கிலாந்தில் 1694 முதலே இருந்த வரிதான். ஆனால் வக்கீல், பத்திரிகைக்காரர் என்று ஊரில் வாய் உள்ளவர்களாகப் பார்த்துக் கைவைத்தார்கள். மீறினால் வழக்கு ஜூரி இல்லாத கடல்சார் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதுதான் அதிகம் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். பாஸ்டனில் முத்திரை விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை மரத்தில் தொங்கவிட்டார்கள். மனிதர் பதவியே வேண்டாமென்று ஒதுங்கினார்.

ஜூன் 8
1766 மார்ச் 18. முத்திரைச் சட்டம் ரத்து. அதே நாளில் இன்னொரு சட்டம்: எந்த விஷயமானாலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு. ரத்தைக் கொண்டாடிய மும்முரத்தில் பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்தவில்லை. என்னைக் கேட்டால், பின்னால் வந்த வம்பெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

ஜூன் 12
பிரிட்டனின் நிதியமைச்சர் டவுன்ஷெண்டின் 1767 வரிகள்: கண்ணாடி, ஈயம், பெயிண்ட், காகிதம், தேயிலை. 1770-இல் தேயிலையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்தார்கள். ராத்தலுக்கு மறுபடியும் அதே 3 பென்ஸ். பணத்துக்காக இல்லை, உரிமையை விடவில்லை என்று காட்டத்தான்.

1773-இன் தேயிலைச் சட்டத்தில் புது வரியே கிடையாது. கடனில் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பெனி (ஆம், சென்னையில் கோட்டை கட்டிய அதே கம்பெனி) தன் சீனத் தேயிலையை நேராகவே அங்கே கொண்டுபோய் விற்கலாம் என்றது. விலை இறங்கும், கடத்தல்காரர் பிழைப்பு போகும். வாங்கிக் குடித்தாலோ, வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகள் பாஸ்டன் துறைமுகத் தண்ணீரில் விழுந்தன.

ஜூன் 13
நஷ்டஈடு கட்டும்வரை துறைமுகத்தை மூடு என்று 1774 ஜூன் 1 முதல் தண்டனை. போர் 1775-இல். வருவாய்க்காகக் காலனிகளுக்கு இனி வரி போடமாட்டோம் என்று நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது 1778-இல். அந்த பிப்ரவரியிலேயே அமெரிக்கர்கள் பிரான்சோடு ஒப்பந்தம் போட்டு முடித்திருந்தார்கள்.