மரணசாசன வழக்கு மேன்முறையீடு: நாள் எண்ணும்போது கவனம்

திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு (இறந்தவரின் உயில், சொத்து பற்றிய வழக்கு) தோற்றால், முதலில் பார்க்க வேண்டியது: வந்தது இறுதித் தீர்ப்பா, வழக்கு முடியுமுன் இடும் இடைக்காலக் கட்டளையா?

தீர்ப்பென்றால், மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாட்களுக்குள் அதே நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாள், தாக்கல் நாள், ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில் வராது. சனி வரும்! எதிர்த்தரப்பின் செலவுக்கான பிணையும், அறிவித்தலின் பிரதியை அவர்களுக்கு அனுப்பிய பதிவுத் தபால் பற்றுச்சீட்டும் கூடவே போக வேண்டும். பற்றுச்சீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்துக் கொடுக்கும் மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாள். இது தீர்ப்புத் திகதியிலிருந்தே ஓடும், அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து அல்ல. போயா, பொங்கல் எல்லாம் இதற்குள் அடக்கம்.

கட்டளையென்றால் வழி வேறு: அனுமதி கேட்டு, 14 நாளுக்குள் நேரே மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்கு.