இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் படிக்கும்போது முடியாமல் போனால் யாரிடம் போவது?

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே வருஷத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் என்று, அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணமாக, வாங்கிவிடுகிறார்கள். அந்தக் காசுக்கான உரிமையை நம் பிள்ளைகள் பலர் பயன்படுத்துவதே இல்லை. போய் இறங்கியதும் பக்கத்தில் உள்ள ஜி.பி.யிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், பெயரைப் பதிந்துவிடுங்கள், இலவசம்தான். காய்ச்சலுக்கு மட்டுமல்ல, தூக்கம் வராமல் கிடந்தாலும், காரணமில்லாமல் அழுகை வந்தாலும் அவரிடமே போகலாம். நீங்கள் என்றைக்கு வந்து என்ன சொன்னீர்கள் என்பது அங்கே பதிவாகிவிடும். பின்னால் தேர்வு விஷயத்தில் அதுதான் ஆதாரமாகக் கைகொடுக்கும்.

எப்படி என்றால், நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். பகுதிநேர வேலை ஒரு பக்கம், ஒரே வாரத்தில் வந்து விழும் அசைன்மென்ட்கள் ஒரு பக்கம். அப்போது படுத்துவிட்டால் ‘மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்’ விண்ணப்பம், அதாவது நோய், துக்கம் போன்ற காரணத்தால் படிப்பு பாதித்தது என்று பல்கலைக்கழகத்திடம் சொல்லும் விண்ணப்பம், போடலாம். சில இடங்களில் ‘எக்ஸ்டென்யுவேட்டிங்’ என்பார்கள். ஏற்றுக்கொண்டால் கூடுதல் நாள் கிடைக்கும், அல்லது தேர்வை முதல் முயற்சியாகவே மறுபடி எழுதலாம். தவறிய தேர்வை மறுபடி எழுதும் சாதாரண ரீசிட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் போடமாட்டார்கள். அதனால் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. ஆனால் கெடு முடிவதற்குள் போட வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு ‘எனக்கு அப்போது உடம்பு சரியில்லை’ என்றால், ஏன் முன்பே சொல்லவில்லை என்பதுதான் முதல் கேள்வி. ஊரில் யாராவது தவறிவிட்டால் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். துக்க வீட்டில் அதைக் கேட்க வாய் வராது. சித்தப்பா, மாமா யாரிடமாவது சொல்லி வாங்கிவிடுங்கள்.

கொஞ்ச நாள் ஊருக்குப் போய்விட்டு வரலாம் என்று தோன்றினால், டிக்கெட் போடுவதற்கு முன் இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் அலுவலகத்தில் பேசுங்கள். படிப்பை நிறுத்திவைத்தால் பல்கலைக்கழகம் விசாவைக் கவனிக்கும் ஹோம் ஆபீஸுக்கு (உள்துறைக்கு) தெரிவித்தாக வேண்டும். இடைவெளி 60 நாளைத் தாண்டினால் பொதுவாக விசா போய்விடும், திரும்பி வரப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். டியூட்டர் நல்ல மனசோடு ‘ஓய்வெடுத்துவிட்டு வா’ என்பார். விசா கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

பல்கலைக்கழகத்தில் கவுன்சிலிங் இலவசம், ஆனால் சில அமர்வுகளோடு முடிந்துவிடும். காத்திருப்பும் உண்டு, அதனால் தாங்கமுடியாத கட்டம் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். ‘வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களோ’ என்ற பயம் நம்மவர்களுக்கு அதிகம். பதினெட்டு வயது தாண்டியவர் பேசியதைப் பொதுவாக அப்பா அம்மாவிடம் சொல்லமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கதை வேறு. டிஸ்லெக்சியா, நாள்பட்ட நோய் போன்றவை இருந்தால் 2010 சமத்துவச் சட்டப்படி தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கும் அந்த உரிமை உண்டு.

துறையோடே பிரச்சினை என்றால் மாணவர் யூனியனின் ஆலோசனைப் பிரிவுக்குப் போங்கள். பல்கலைக்கழக நிர்வாகத்தின் கீழ் வராதவர்கள், படிவத்தைக்கூட உட்கார்ந்து சரிபார்த்துத் தருவார்கள்.

நடுராத்திரியில் மனசு உடைந்தால் அரசு மருத்துவ உதவி எண்ணான 111-ஐ அழைத்து, மனநல உதவிக்கு 2-ஐ அழுத்துங்கள். யாரிடமாவது பேசினால் போதும் என்றால் சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பின் எண் 116 123. எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

வாடகைக்கே முட்டினால் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்ஷிப் ஃபண்ட், அதாவது பண நெருக்கடிக்கான உதவி நிதி, கேட்டுப் பாருங்கள். விசாவில் ‘பப்ளிக் ஃபண்ட்ஸ் கூடாது’ (அரசு உதவித்தொகை வாங்கக்கூடாது) என்றிருப்பதைப் பார்த்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து தருவது அந்தத் தடையில் வராது.