கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் பின்னறையில் பத்திரங்களை மொழிபெயர்ப்பது என் வேலை. உயில், பிறப்புச் சான்றிதழ், சத்தியப் பிரமாணம், எல்லாம் என் மேசைக்கு வரும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். தமிழில் எனக்குத் தெரியாத சொல் அதிகம் இருக்காது என்ற நினைப்பு எனக்கு உண்டு. யாழ்ப்பாணத்து உறுதி ஒன்றைக் கையில் எடுத்த அன்று அது போயிற்று.

இங்கே நாம் ‘கிராண்ட்’ என்று சொல்லும் நிலப்பத்திரம்தான் அங்கே ‘உறுதி’. சொத்து என்றால் ‘ஆதனம்’. நிலத்தைப் பரப்புக் கணக்கில் அளக்கிறார்கள்; 16 பரப்பு சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும், பிள்ளைக்கு வைப்பதுபோல ஒரு பெயர் இருக்கிறது. எல்லைகளையெல்லாம் சொல்லி முடித்தபின் கடைசி வரி: ‘கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்.’ அந்த வரியில் நான் அரைநாள் நின்றேன். கிணற்றைப் பங்கு போட்டு எழுதிய தமிழை அதுவரை நான் பார்த்ததில்லை.

ஊரில் இல்லாமல்போன வீட்டுக்கு இலங்கை அரசிடம் நட்டஈடு கேட்க அந்த உறுதியைக் கொண்டுவந்த அம்மாவுக்கு 78 வயது. அவருடைய அப்பா இங்கே எஃப்.எம்.எஸ். (மலாய்க் கூட்டு மாநிலங்கள்) ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் பலர் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பிக் கல்வீடு கட்டினார்கள். அப்படிக் கட்டிய வீடு வலிகாமம் வடக்கில் இவருக்குச் சீதனமாக வந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் பெண்ணுக்கே உரியது என்பதை எனக்கு விளக்கியதும் அவர்தான். வழக்கறிஞருக்கும் அது புதிது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ஊரே கிளம்பியது. பிறகு அந்தப் பகுதி பலாலிப் படைத்தளத்தைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. 2009இல் போர் முடிந்தும் நிலம் வரவில்லை. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர்களை அடையாளம் காண முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. இந்த அம்மாவின் உறுதி அப்போது இங்கே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக இருந்தது. பின்னர் நிலங்கள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. 2017இல் அவருடைய தம்பி போய்ப் பார்த்தபோது வீடு இல்லை, அத்திவாரமும் இல்லை. கிணற்றை வைத்துத்தான் வளவை அடையாளம் கண்டிருக்கிறார்.

“இராணுவம் இடித்தது என்று எழுதுங்கள் தம்பி” என்றார் அம்மா.

எழுத முடியாது என்றார் வழக்கறிஞர். கண்ணால் பார்க்காததைச் சத்தியம் செய்யக்கூடாது. எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் தள்ளிவிடும். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. கடைசியில் அம்மாவின் பெயரில் உரிமையையும், தம்பியின் பெயரில் மூன்றே செய்திகளையும் எழுதினோம். “1990இல் நான் புறப்படும்போது வீடு இருந்தது. 2017இல் இல்லை. இடைப்பட்ட காலம் முழுவதும் அங்கே இராணுவத்தைத் தவிர வேறு யாரும் போக முடியவில்லை.”

அடுத்த சண்டை மனுவின் தலைப்பில், பணத்தை எந்தச் சொல்லால் கேட்பது என்று. அம்மா சொல்வது ‘நட்டஈடு’. இலங்கையில் இத்தகைய சேதங்களுக்குப் பணம் கொடுக்க 1987இல் புனர்வாழ்வு அதிகாரசபை வந்தது. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இழப்பீட்டுக்கென்றே தனி அலுவலகத்தை உருவாக்கியது. கொடுப்பது அரசு, உடைத்தது யார் என்ற கேள்விக்குப் பணம் பதிலாகாது. மற்ற நாட்டுப் படைகளும் இதில் கெட்டிக்காரர்கள்தாம். அமெரிக்கப் படை வெளிநாட்டில் செய்யும் சேதங்களுக்கு 1942 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. சண்டையில் நேர்ந்த சேதம் அதில் சேராது. அதற்கு வேண்டுமானால் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் ஒரு தொகை தருவார்கள். அதை மொழிபெயர்க்கச் சொன்னால் ‘கருணைத் தொகை’ என்றுதான் எழுத வேண்டும். அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “யாருக்கு யார் கருணை?” என்று கேட்டுவிட்டு டின்னை மூடினார். ‘நட்டஈடு’ என்றே எழுதினேன்.

சேதப் பட்டியலில் ஓடு, நிலைக்கதவு, சீமெந்துத் தரை எல்லாவற்றுக்கும் விலை போட்டாயிற்று. ஆதாரம் 1968இல் எடுத்த திருமணப் படம். மணமக்களுக்குப் பின்னால் ஒரு தூணும் பாதி ஜன்னலும் தெரிகின்றன. மணமகளின் முகத்தைவிட அந்தத் தூணைத்தான் நான் பூதக்கண்ணாடி வைத்து அதிக நேரம் பார்த்தேன்.

கிணற்றையும் சேர்க்கச் சொன்னார். அது இடியவில்லையே என்றேன். இருபத்தேழு வருடம் அவர்கள்தானே தண்ணீர் அள்ளினார்கள் என்றார். பட்டியலின் அடியில் தனி வரியாக ‘கிணறு, மூன்றில் ஒரு பங்கு’ என்று எழுதி, விலைக்கு எதிரே கோடு போட்டேன். அனுப்பிய மூன்றாம் மாதம் பதில் வந்தது. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிணற்றின் மற்ற இரண்டு பங்காளிகளின் சம்மதக் கடிதம் வேண்டுமாம். ஒருவர் டொரொன்டோவில் இருக்கிறார்; எழுதியிருக்கிறோம். மற்றவரின் குடும்பம் வன்னிப் பக்கம் போனதாகத் தம்பி சொல்கிறார். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை.