காட்டுக்கோழிக்கு 700 ரூபாய், கவுதாரிக்கு பஸ் டிக்கெட்

கன்னியாகுமரி மாவட்டத்தில் காட்டுக்கோழியும் கவுதாரியும் பார்க்கப் போன கதை இது. ஆட்டோ விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. தடிக்காரன்கோணத்திலிருந்து காளிகேசம் காட்டுக்குப் போக 700 ரூபாய். “ரிட்டன்ல காலியாத்தான வரணும் அண்ணே” என்று ஒரே பிடி. விடிகாலையில் வேறு வண்டிக்கு எங்கே போவது? கொடுத்துத் தொலைத்தேன். நாகர்கோவிலில் போட்ட பட்ஜெட் அங்கேயே காலி.

ஆனால் கீரிப்பாறை தாண்டி, ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் டிரைவரே வண்டியை நிறுத்தி, “அங்க பாருங்க” என்றார். சாலையோரச் சருகைக் கிளறிக்கொண்டு சாம்பல் காட்டுக்கோழிச் சேவல்! கழுத்து இறகு நுனிகளில் மஞ்சள் மெழுகைச் சொட்டுவிட்ட மாதிரி புள்ளிகள், வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக மின்னின. வால் கருநீலமாக வளைந்து கிடந்தது. இரண்டு கிளறு, தலை நிமிர்த்தி ஒரு பார்வை, மறுபடி கிளறு. பக்கத்தில் பெட்டை நின்றதையே பிறகுதான் கவனித்தேன். பெரிய கொண்டை கிடையாது, நெஞ்சில் வெள்ளையும் கறுப்புமாகச் செதில் கோலம், சருகோடு சருகு. நான் கேமராவை எடுத்ததும் இரண்டும் உண்ணிச்செடிப் புதருக்குள் போய்விட்டன. அப்புறம் வெறும் கூவல்தான். வீட்டுச் சேவல் மாதிரி நீட்டி இழுக்காமல் வெட்டி வெட்டிக் கூவுகிறது.

இந்தப் பறவை இந்தியாவுக்கு வெளியே காட்டில் கிடையாது. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு இதனிடமிருந்து வந்தது என்று 2008இல் ஓர் ஆய்வு சொன்னது. 700 ரூபாய்க்கு வருத்தமில்லை என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் பார்த்தே ஆகவேண்டிய பறவை.

திரும்பும் வழியில் ஒரு சின்னக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். குடம்புளி போட்டுக் குறுகிய குழம்பு, மேலே தேங்காயெண்ணெய் வாசம். இரண்டாவது தட்டும் வாங்கினேன். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது இங்கேதான்.

சாயங்காலம் பஸ் பிடித்து ஆரல்வாய்மொழி, அங்கிருந்து முப்பந்தல் பக்கம். அதே மாவட்டம்தானா என்று தோன்றும். ஈரக்காடு போய் உடைமரம், கள்ளி, ஆவாரை, காற்றாலைகள். மண்தடத்தில் நடந்த கொஞ்ச நேரத்திலேயே கவுதாரிக் கூட்டம். காட்டுக்கோழியின் குடும்பம்தான், ஆனால் உருவத்தில் பாதிகூட வராது. உடம்பெல்லாம் மெல்லிய பழுப்புக் கோடுகள், தொண்டையைச் சுற்றிச் சன்னமான கறுப்புக் கோடு. இதில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கிட்டே போனால் பறக்காது, ஓடும். அப்படி ஓர் ஓட்டம்! ரொம்ப நெருங்கினால்தான் சடசடவென்று எழும்பிக் கொஞ்சதூரம் போய் இறங்கும். முள்வெளியில் வாழ அந்தக் கால்களே போதும். ஒன்று கத்தினால் அடுத்த புதரிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கிறது, காற்றாலைச் சத்தத்தையும் மீறி.

அழகில் காட்டுக்கோழிதான், மறுக்கவில்லை. ஆனால் பறவை பார்த்த திருப்தி எனக்குக் கவுதாரியிடம்தான் கிடைத்தது. பஸ் டிக்கெட் செலவில் நிதானமாக, குடும்பத்தோடு மேய்வதைப் பார்க்கலாம். இரண்டையும் 1782இலேயே தன் பயண நூலில் எழுதிவைத்தவர் சோனரா என்ற பிரெஞ்சுக்காரர்.

1972 வனஉயிரினச் சட்டப்படி இரண்டையும் பிடிப்பது குற்றம். ஆனால் காட்டுக்கோழி இருக்கும் மலைக்குச் சரணாலயம் என்று பெயர், செக்போஸ்ட் உண்டு. கவுதாரி இருக்கும் முள்வெளியைத் தரிசு என்கிறோம். மனைக்கல் நட்டால் கேட்க நாதியில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

போகிறவர்கள் பிப்ரவரியிலிருந்து மே வரை போங்கள். அதற்குப் பிறகு மழைமாதங்களில் சேவல் அந்தக் கழுத்து இறகை உதிர்த்துவிடும். ஆட்டோவுக்கு முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.